கடலுக்குப் போகும் நாளில் மாத்திரையை விடலாமா?

தங்கச்சிமடத்திலிருந்து கேட்டிருக்கும் சகோதரிக்கு,

மனச்சோர்வுக்கு எஸ்சிட்டலோபிராம் 10 மி.கி. போட்டு, நான்கு மாதத்தில் உங்கள் வீட்டுக்காரர் தெளிந்துவிட்டார். கடலுக்குப் போகும் நாட்களில் மட்டும் விட்டுவிடுகிறார். கரைக்கு வந்தால் தலைசுற்றல், தலைக்குள் கரண்ட் அடித்த மாதிரி ஒரு வெட்டு. மாத்திரைக்கு அடிமையாகிவிட்டாரோ என்று கேட்கிறீர்கள்.

இல்லைம்மா, பயப்படாதீர்கள். பழகிய மருந்து திடீரென நின்றால் உடம்பு காட்டும் எதிர்வினை அது. படகிலும் தினமும் ஒரே நேரத்தில் போடட்டும். தண்ணீர் படாமல் இறுக மூடும் டப்பாவில் அட்டையோடு கொடுத்துவிடுங்கள். மறந்தால் அன்றைக்குள் ஒன்று போடலாம். அடுத்த வேளை நெருங்கிவிட்டால் விட்டது விட்டதுதான். இரண்டாகச் சேர்த்துப் போடவே கூடாது.

எனக்குக் கவலை தந்தது, நீங்கள் போகிற போக்கில் சொன்ன இடுப்புவலி மாத்திரைதான். வலை இழுப்பவர்களுக்கு அந்த வலி தீராது, தெரியும். ஆனால் ஐபுபுரூஃபன், டைக்ளோஃபெனாக் மாதிரி வலி மாத்திரை எல்லாம் எஸ்சிட்டலோபிராமோடு சேர்ந்தால் வயிற்றில் ரத்தக்கசிவு வரும் ஆபத்து கூடும். டிராமடால் இன்னும் மோசம். நடுக்கம், காய்ச்சல், குழப்பம், வலிப்பு வரை போகலாம். மெடிக்கலில் எது வாங்கினாலும் டாக்டர் சீட்டைக் காட்டிக் கேளுங்கள். குடியும் வேண்டாம்.

தெளிந்த பிறகும் குறைந்தது 6 மாதம் தொடர்வது வழக்கம். நிறுத்தும்போது டாக்டர்தான் அளவைப் படிப்படியாகக் குறைக்க வேண்டும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகு கரையில்தான் நிற்கும். குறைப்பதை அப்போது வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டுப் பாருங்கள். நடுவில் “வாழ்ந்து என்ன” என்கிற பேச்சு வந்தால் அடுத்த செக்கப் வரை காத்திருக்காதீர்கள். அவரைத் தனியாக விடாமல், அரசின் மனநல உதவி எண் 14416-க்கு உடனே கூப்பிடுங்கள். இலவசம், இரவிலும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம்.