ஓ-யு-ஜி-எச்: நாலு எழுத்து, ஏழெட்டு ஓசை

கேள்வி: எட்டாம் வகுப்பு படிக்கும் மகன் ஸ்பெல்லிங் போட்டிக்குத் தயாராகிறான். ஓ-யு-ஜி-எச் வரும் சொற்களில்தான் மாட்டிக்கொள்கிறான். 'சஃப்', 'ஸ்லௌ' என்று நான் கேள்வியேபடாத சொற்கள் வேறு. இதற்கு ஏதாவது விதி உண்டா?

பதில்: முழுசாக ஒரு விதி கிடையாது. ஆனால் பிடித்துக்கொள்ள ஒரு கொம்பு இருக்கிறது, அதிலிருந்து தொடங்குங்கள். பின்னால் டி சேர்ந்து 'ஆட்' என்று முடியும் இறந்தகால வினைகளில் வாங்கினேன், கொண்டுவந்தேன், யோசித்தேன், சண்டை போட்டேன், தேடினேன் எல்லாவற்றுக்கும் ஓ-யு-ஜி-எச்-டி. பிடித்தேன், கற்பித்தேன் இரண்டுக்கும் மட்டும் ஓ-வுக்குப் பதில் ஏ. இதே கூட்டத்தின் பழைய ஆள்தான் 'ராட்'. நம் ஊரில் கேட்டும் கட்டிலும் செய்கிற ராட் அயர்னைக் கம்பி என்று நினைத்துக்கொள்கிறோம், உண்மையில் அது வொர்க் என்ற வினையின் பழைய இறந்தகாலம், அதாவது அடித்து உருவாக்கிய இரும்பு. எழுத்தில் முதலில் டபிள்யூ வரும், அதை மறக்க வேண்டாம். வறட்சி என்று பொருள்படும் 'ட்ரௌட்' எழுத்தில் இந்தக் கூட்டம், ஓசையில் இல்லை.

டி இல்லாதவைதான் தலைவலி. பழைய ஆங்கிலத்தில் தொண்டையில் காற்று உரசி வரும் ஒரு ஒலி இருந்தது. 'பகல்' என்பதில் நடுவே வரும் க-வைக் கொஞ்சம் கரகரவென்று சொல்லிப் பாருங்கள், கிட்டத்தட்ட அதுதான். அதை எழுத வந்த ஜோடிதான் ஜி-எச். 1476-ல் காக்ஸ்டன் என்பவர் லண்டன் பக்கம் வெஸ்ட்மின்ஸ்டரில் இங்கிலாந்தின் முதல் அச்சகத்தை வைத்தார், அச்சில் ஏறிய எழுத்து மெல்ல மெல்ல உறைந்துபோனது, ஒலியோ அதன் பிறகும் தேய்ந்துகொண்டே போய் சில சொற்களில் காணாமலே போய்விட்டது ('தோ', 'த்ரூ'), சிலவற்றில் ஃப் ஆகிவிட்டது ('டஃப்', 'காஃப்'). எது எப்படி ஆனது என்பதற்குக் கணக்கு வழக்கு இல்லை.

அதனால் அபூர்வச் சொற்களைப் பொருளோடு சேர்த்துத்தான் மனதில் ஏற்ற வேண்டும். 'சஃப்' காக்கைக் குடும்பத்துப் பறவை, கறுப்பு உடம்பு, சிவந்த கால், இமயமலையிலும் இருக்கிறது. இங்கிலாந்தின் கார்ன்வாலில் 1973-ல் கடைசிப் பறவையும் செத்து, 2001-ல் தானாகவே திரும்பி வந்தது. பையனுக்கு ஒரு படம் காட்டிவிட்டால் மறக்கமாட்டான். 'ஸ்லௌ' என்றால் சேற்றுப் பள்ளம். அதே எழுத்துகளை 'ஸ்லஃப்' என்று சொன்னால் பாம்பு உரித்த சட்டை. 'பௌ' என்று கேட்டால் மரக்கிளையா, தலைவணங்குவதா என்று பார்க்க வேண்டும், கிளைக்குத்தான் இந்த எழுத்துகள். போட்டிகளில் பொருளைக் கேட்க வழக்கமாக அனுமதி உண்டு, கூச்சப்படாமல் கேட்கச் சொல்லுங்கள்.

அப்புறம் விக்கல். 'ஹிக்கப்' என்பதைச் சிலர் இருமலோடு முடிச்சுப் போட்டு, கடைசியில் காஃப் எழுத்துகளை ஒட்டிவிட்டார்கள். அகராதியில் இரண்டு எழுத்தும் இருக்கும், எப்படி எழுதினாலும் சொல்வது ஹிக்கப்தான். வம்பே வேண்டாம், யு-பி போட்டே எழுதட்டும்.