மூக்கு வழியே மூளைக் கட்டி: எட்டு வயதில் முடியுமா?

கேள்வி: என் மகனுக்கு எட்டு வயது. வகுப்பில் அவன்தான் மிகவும் குள்ளம். சில மாதங்களாகத் தலைவலியும் இருந்தது, கரும்பலகையும் சரியாகத் தெரியவில்லை. கண்ணாடி வாங்கப் போன இடத்தில் மருத்துவர் எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொன்னார், ‘கிரேனியோஃபாரிஞ்சியோமா’ என்று வந்திருக்கிறது. மூக்கு வழியாகவே எடுக்கலாம் என்கிறார்கள். இது புற்றுநோயா? இவ்வளவு சிறிய மூக்கில் முடியுமா? முழுவதும் எடுத்துவிட்டால் பயமில்லைதானே?
- ஒரு தாய், திண்டுக்கல்

பதில்: இது புற்றுநோய் அன்று. மூளையின் அடியில் இருந்து, வளர்ச்சி உள்ளிட்டவற்றுக்கான ஹார்மோன்களைச் சுரக்கும் பிட்யூட்டரி சுரப்பி கருவில் உருவானபோது எஞ்சிப்போன செல்களிலிருந்து வளரும் கட்டி இது. வேறு உறுப்புகளுக்குப் பரவும் இயல்பு இதற்கு இல்லை. பொல்லாதது இதன் இருப்பிடம்தான். பார்வை நரம்புகள் சந்திக்கும் இடமும், மூளைக்கு ரத்தம் கொண்டுசெல்லும் கரோட்டிட் தமனிகளும், பசியையும் தாகத்தையும் ஆளும் ஹைப்போதலாமஸும் இதை நெருக்கியபடி அமைந்துள்ளன. மகன் உயரம் கூடாததற்கும் பார்வை மங்கியதற்கும் பெரும்பாலும் இந்த ஒன்றே காரணமாக இருக்கும்.

சிறிய நாசித் துவாரத்தை விடவும் அதற்குப் பின்னுள்ள ஸ்பீனாய்டு எலும்புதான் மருத்துவரை யோசிக்க வைக்கும். பெரியவர்களுக்குக் காற்றறையாக இருக்கும் அந்த எலும்பு, குழந்தைகளுக்கு வயது ஏற ஏறத்தான் குழிவாகும். எனவே சி.டி. ஸ்கேனில் அளவு பார்த்து, அறுவைக் கருவி எங்கே இருக்கிறது என்று திரையில் காட்டும் நேவிகேஷன் கருவியின் துணையோடு, திடமான பகுதியை மெல்லக் குடைந்து வழி செய்வார்கள். கட்டி தமனிகளைத் தாண்டிப் பக்கவாட்டில் விரிந்திருந்தால் மண்டையோட்டைத் திறப்பதே பாதுகாப்பு. அறுவை முடிந்தபின் மூக்கின் நடுச்சுவரிலுள்ள சவ்வை மடக்கித் துளையை மூடுவார்கள். பிள்ளை குனியும்போது மூக்கிலிருந்து தெளிந்த நீர் சொட்டினால், சளி என்று விட்டுவிடாமல் உடனே தெரிவியுங்கள். அது மூளைத் தண்டுவட நீராக இருக்கலாம், மூளைக்காய்ச்சலுக்கு வழிவிடும்.

உங்கள் மூன்றாவது கேள்விக்கு என் பதில், ‘முழுவதும்’ என்பதில் பிடிவாதம் வேண்டாம் என்பதே. இக்கட்டியின் சுண்ணாம்பு படிந்த சுவர் பல நேரங்களில் ஹைப்போதலாமஸோடு ஒட்டியிருக்கும். அதைச் சுரண்டி எடுத்தால், பிறகு அடங்காத பசியும் கட்டுக்கடங்காத உடல் பருமனும் பிள்ளையை வாழ்நாள் முழுதும் வாட்டக்கூடும். அப்படி ஒட்டியிருக்கும்போது மீதியை விட்டுவைத்து, கதிர்வீச்சு அளிப்பதையோ ஸ்கேனில் கண்காணிப்பதையோதான் நான் விரும்புவேன். சுற்றியுள்ள மூளைக்குக் குறைவாகவே பாதிப்பு தரும் புரோட்டான் கதிர்வீச்சு 2019 முதல் சென்னையிலேயே கிடைக்கிறது. முழுவதும் எடுத்தாலும் கட்டி திரும்ப வரலாம் என்பதால் ஸ்கேன் எப்படியும் தொடரும்.

அறுவைக்கு முன்பே குழந்தைகளுக்கான ஹார்மோன் மருத்துவரைப் பார்த்துவிடுங்கள். அந்த மருத்துவமனையில் அவர் இருக்கிறாரா என்பதையும் கேளுங்கள். அறுவைக்குப் பின் சிறுநீர் லிட்டர் கணக்கில் போகலாம், அதைக் குறைக்க டெஸ்மோபிரெஸின் என்ற மருந்து தருவார்கள். சில நாட்களில் நிலைமை நேரெதிராக மாறி உடலில் நீர் தேங்கவும் கூடும். ஆகவே பார்க்க வரும் உறவினர்கள் ‘நிறையத் தண்ணீர் குடி’ என்று அன்போடு ஊட்டுவதைத் தடுத்து, குடித்த அளவையும் கழித்த அளவையும் எழுதி வையுங்கள். உடல் போதுமான அளவு சுரக்காத ஹார்மோனுக்கு ஈடாக ஹைட்ரோகார்ட்டிசோன் மாத்திரையை எழுதிக் கொடுத்தால், ஸ்டீராய்டு என்று பயந்து ஒரு வேளைகூட நிறுத்தாதீர்கள். காய்ச்சல் வந்தால் அளவைக் கூட்ட வேண்டும். வாந்தியால் மாத்திரை தங்காவிட்டால் ஊசியாகப் போட வேண்டும். இதை வகுப்பாசிரியரிடமும் எழுதிக் கொடுத்து வையுங்கள்.