தாய்லாந்து மொழி பேசிப் பழகப் பண்ணைக்குப் போகலாமா?

பி.காம் முடித்த மகள், தாய்லாந்தில் ஒரு பண்ணையில் ஆறு மாதம் தன்னார்வலராக இருந்து அந்த ஊர் மொழியைப் பேசிப் பழகப்போகிறேன் என்கிறாள், அனுப்பலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். அனுப்பலாம் அம்மா. ஆனால் முதலில் பண்ணைக்குப் போவோம், மொழி அங்கே தானாக வரும் என்று அவள் போட்டிருக்கும் கணக்கை மாற்ற வேண்டும்.

சட்டத்திலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் பிள்ளைகள் இதைத்தான் பார்ப்பதே இல்லை. வூஃப், வொர்க்அவே போன்ற தளங்கள் வழியாகப் போனால் நாளுக்கு நாலைந்து மணி நேரத் தோட்ட வேலைக்குச் சாப்பாடும் தங்க இடமும் கிடைக்கும். சம்பளம் கிடையாது. சம்பளம்தான் இல்லையே, இது எப்படி வேலையாகும் என்று நினைப்பார்கள். தாய்லாந்தில் தன்னார்வப் பணிக்கும் பணி அனுமதி வேண்டும். அதற்கேற்ற நான்-இமிக்ரண்ட் 'ஓ' விசாவும் வேண்டும். சுற்றுலாவுக்கென்று நுழைந்து அனுமதியின்றி வேலை செய்து பிடிபட்டால் 5,000 முதல் 50,000 பாட் வரை அபராதம், அப்புறம் நாட்டை விட்டு வெளியேற்றம். பதிவு பெற்ற அறக்கட்டளை என்றால் அனுமதி வாங்கிக் கொடுக்க வாய்ப்பு உண்டு. நாலு ஏக்கர் வைத்திருக்கும் குடும்பம் அந்த அலைச்சலுக்கெல்லாம் போகாது. "எல்லாரும் டூரிஸ்ட் விசாவில்தான் வருகிறார்கள்" என்று பண்ணைக்காரர் சொல்லலாம். மாட்டினால் முத்திரை விழுவது உங்கள் பெண்ணின் பாஸ்போர்ட்டில்.

அனுமதி கிடைக்காவிட்டால், கிராமத்து வீடுகளில் காசு கொடுத்து விருந்தாளியாகத் தங்கும் ஹோம்ஸ்டே இருக்கிறது. என்னைக் கேட்டால் அதுவே மேல். களை பிடுங்கும்போது யாரும் அதிகம் பேசுவதில்லை. பேச்சு நடப்பது அடுப்படியிலும் சந்தையிலும்தான்.

எந்த ஊர் என்பதில் அவள் தவறாமல் வடக்கே இருக்கும் சியாங் மாய், பாய் ஆகிய ஊர்களைச் சொல்லியிருப்பாள். அழகான மலைப்பகுதிதான். ஆனால் தன்னார்வலர்கள் குவியும் பண்ணைகளில் ஐரோப்பியர்களோடு ஆங்கிலத்தில் பேசியே பொழுது போய்விடும். ஊர்க்காரர்கள் தங்களுக்குள் பேசுவது காம் மியூவாங் என்ற வடக்குப் பேச்சு. கூலி வேலைக்கு வருபவர்களில் பலர் மியான்மரிலிருந்து வந்த ஷான் மக்கள். பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை காட்டையும் வயலையும் எரிக்கும் புகை வேறு. வடகிழக்கே ஈசான் பகுதிக்குப் போனால் வீட்டுப் பேச்சு லாவோ மொழிக்கு நெருக்கமானது. வகுப்பறையிலும் அலுவலகத்திலும் செல்லுபடியாகும் மத்தியப் பகுதித் தாய்லாந்து மொழி காதில் விழ வேண்டுமென்றால் அயுத்தயா, நகோன் பாதோம், சுபன்புரி பக்கம் போக வேண்டும். (சுபன்புரிக்காரர்கள் இழுத்துப் பேசுவதை மற்றவர்கள் கேலி செய்வதுண்டு, அது பெரிய குறையில்லை.) தங்கப்போகும் வீட்டாரிடம், இரவுச் சாப்பாட்டின்போது எந்த மொழியில் பேசிக்கொள்வீர்கள், இப்போது வேறு வெளிநாட்டினர் யார் இருக்கிறார்கள் என்று முன்கூட்டியே கேட்கச் சொல்லுங்கள்.

போவதற்கு முன் மூன்று நான்கு மாதமாவது இணையவழியில் ஓர் ஆசிரியரிடம் படிக்கட்டும். வினைச்சொல் காலத்துக்கும் ஆளுக்கும் ஏற்ப மாறாது என்பதால் இலக்கணம் பயமுறுத்தாது. குறில் நெடில் பழகிய நமக்கு உயிரொலிகளிலும் பாதித் தொல்லை குறைவு. சிக்கல், குரலின் ஏற்ற இறக்கத்தால் சொல்லின் பொருளையே மாற்றிவிடும் ஐந்து தொனிகளிலும், ப, த, க ஒலிகளை மூச்சு விட்டும் விடாமலும் வேறுபடுத்துவதிலும் இருக்கிறது. இவற்றைப் பிரித்துக் கேட்கக் காது பழகாமல் கிராமத்துக்குப் போனால் தலையாட்டிச் சிரித்துவிட்டுத்தான் வருவாள். 44 மெய்யெழுத்துகளையும் படித்துவிட வேண்டும். எந்தத் தொனி என்பதை எழுத்துமுறையே காட்டிக்கொடுக்கும்.

இனி வேலைவாய்ப்பு. பண்ணையில் இருந்தேன் என்ற ஒரு வரியை வைத்து யாரும் வேலை தரமாட்டார்கள். பாங்காக்கின் சூலாலங்கோர்ன் பல்கலைக்கழகத்தில் வெளிநாட்டினருக்கான தீவிர தாய்லாந்து மொழி வகுப்புகள் உண்டு. சியூ-டிஎஃப்எல் என்ற தாய்லாந்து மொழித் திறன் தேர்வையும் அதுவே நடத்துகிறது. அந்தச் சான்றிதழைக் காட்டலாம். மொழி மட்டும் போதாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். பி.காமோடு மொழியும் சேர்ந்தால்தான் மதிப்பு. ஆதித்ய பிர்லா குழுமம் 1969 முதலே அங்கே தொழில் நடத்துகிறது. அப்படிப்பட்ட நிறுவனங்களின் கணக்கு, கொள்முதல் பிரிவுகள், சுற்றுலா, மொழிபெயர்ப்பு ஆகிய பக்கங்களில் முயலலாம். பண்ணையோ ஹோம்ஸ்டேயோ, வகுப்பு முடிந்த பிறகு ஒன்றிரண்டு மாதம் போதும்.

உங்களுக்கு உள்ளூர இருக்கும் பயமும் நியாயம்தான். தாய்லாந்தில் கம்ப்யூட்டர் வேலை என்று ஆசைகாட்டி அழைத்துப்போய், எல்லை தாண்டி மியான்மரின் மியாவாடியில் மோசடிக் கும்பல்களிடம் நம் தமிழ்நாட்டுப் பையன்கள் சிக்கியது 2022-இல் செய்தியானது. பண்ணைக்கு அழைப்பவர் திடீரென்று சம்பளம், கம்ப்யூட்டர் வேலை என்று பேசினாலோ, எல்லையோர மே சோட் பக்கம் வரச் சொன்னாலோ பேச்சை அங்கேயே நிறுத்திவிட வேண்டும். முகவரியை வாங்கி, வீடியோ அழைப்பில் வீட்டாரைப் பாருங்கள். விசா விவரத்தைச் சென்னையிலுள்ள தாய்லாந்து துணைத் தூதரகத்தில் நேரடியாகக் கேளுங்கள். விதிகள் அடிக்கடி மாறுகின்றன. போன இடத்தில் பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொள்ளப் பார்த்தால் ஒரு ராத்திரிகூடத் தங்காமல் கிளம்பிவிடச் சொல்லுங்கள்.