ஆன்செஸ்ட்ரி என்ற வம்சாவளித் தேடல் தளத்தில் கேத்தரின் என்று தேடினால் பூட்டியின் பதிவு சிக்கவில்லை, வைல்டுகார்டை (தெரியாத எழுத்துக்குப் பதிலாகப் போடும் குறியை) எப்படிப் போடுவது?

கேள்விக்குறி (?) சரியாக ஓர் எழுத்துக்கு. நட்சத்திரக் குறி (*) எத்தனை எழுத்துக்கும். எழுத்தே இல்லாவிட்டாலும் பொருந்தும்.

ஆங்கிலப் பதிவுகளில் கேத்தரின் ‘சி’யிலும் தொடங்கும், ‘கே’யிலும் தொடங்கும். ஒலியொத்த பெயர்களைச் சேர்த்துத் தேடும் சவுண்டெக்ஸ் முறை முதலெழுத்தை அப்படியே வைத்துக்கொள்வதால் இந்த இரண்டையும் சேர்க்காது. எனவே ஆங்கில எழுத்தில், கோடுகள் இல்லாமல், இப்படி அடியுங்கள்: ?-ஏ-டி-எச்-*-ஆர்-*-என்-இ. நடுவில் ‘இ’ வந்தாலும் ‘ஏ’ வந்தாலும் அகப்படும்.

‘ஒய்-என்’ என்று முடியும் வடிவம் மட்டும் தப்பிவிடும், கடைசி ‘இ’ அதில் இல்லையே. அங்கேயும் நட்சத்திரம் போடக் கை துறுதுறுக்கும். ஆனால் ஆன்செஸ்ட்ரி தளத்தில் முதலெழுத்தோ கடைசி எழுத்தோ நிஜ எழுத்தாக இருந்தாக வேண்டும். மொத்தத்தில் குறைந்தது 3 நிஜ எழுத்துகளும் தேவை. ஆகவே ‘என்’னோடு நிறுத்தி இன்னொரு முறை தேடுங்கள்.

முடிவுகள் மலைபோல் குவிந்தால் பெயரைத் தொடாதீர்கள். பிறந்த ஆண்டை 2 ஆண்டு முன்பின்னாக வைத்து, ஊரையும் சேருங்கள். கையெழுத்தில் ‘யு’வும் ‘என்’னும் ஒன்றுபோலத் தெரியும், அந்த இடங்களில் கேள்விக்குறி. குடும்பப் பெயரின் முதலெழுத்தையே தப்பாகப் படித்திருந்தால், அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டுத் தேடுவதே மேல்.