மாதவிலக்கு நின்ற பிறகு யூரிக் ஆசிட்: கேள்வி பதில்

பல்லடம்: அக்கா, எனக்கு வயசு 54. மாதவிலக்கு நின்று நாலு வருசம் ஆச்சுங்க. யூரிக் ஆசிட் 6.4, வைட்டமின் டி 11. ரெண்டுக்கும் சம்பந்தம் உண்டுங்களா?

உண்டுங்க. மாதவிலக்கு இருக்கும்வரை ஈஸ்ட்ரோஜன் துணையோடு சிறுநீரகம் யூரிக் ஆசிட்டை நன்றாக வெளியேற்றும். நின்றதும் அந்த மடை கொஞ்சம் அடைபட்டுவிடும். வைட்டமின் டி குறைந்தால் கழுத்திலுள்ள பாராதைராய்டு சுரப்பி தன் ஹார்மோனைக் கூடுதலாகச் சுரக்கும். அந்த ஹார்மோன் மிச்ச மடையையும் குறுக்கும். டி குறைந்த பெண்களுக்கு யூரிக் ஆசிட் கூடியிருப்பதைச் சில ஆய்வுகள் கண்டன. ஆனால் உடல் எடை ஏறினாலே டி இறங்கும், ஆசிட் ஏறும். அதனால் டி குறைந்ததுதான் ஆசிட் ஏறக் காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாது.

வைட்டமின் டி 20-க்குக் கீழே போனால் குறைபாடு. 11-ஐ எலும்புக்காகவே சரிசெய்யுங்க. கால் பெருவிரல் சிவந்து வீங்காதவரை 6.4-க்கு மாத்திரை பெரும்பாலும் தேவையில்லை. பிரஷர் மாத்திரையில் ஹைட்ரோகுளோரோதயாசைடு இருக்கிறதா என்று பாருங்க. அதுவும் ஆசிட்டை ஏற்றும்.

கோபி: வைட்டமின் டி 60,000 யூனிட் பாக்கெட் ஒரு வருசமா வாராவாரம் குடிக்கிறேன். தொடரலாமா?

நிறுத்திவிட்டு டாக்டரைப் பாருங்க. வழக்கமாக வாரம் ஒன்று, எட்டு வாரம். பிறகு அளவு குறையும். ஓர் அம்மா காலிப் பாக்கெட்டுகளை ரப்பர்பேண்ட் போட்டுக் கொண்டுவந்தார். ரெண்டு மாசமாகத் தினம் ஒன்று! வாந்தி, மலச்சிக்கல், ரத்தத்தில் கால்சியம் 13 என்று எகிறியிருந்தது.

காங்கேயம்: நாள் முழுக்கக் காட்டுல வெயில்லதான் நிக்கிறேன். எனக்கெப்படி டி குறையும்?

சேலைக்கு மேலே வீட்டுக்காரரின் முழுக்கைச் சட்டை, தலையில் துண்டு. சரிதானே? தோலில் படாத வெயில் கணக்கில்லை. பத்து மணிக்கு மேல் கொஞ்ச நேரம் கையை மடித்துவிடுங்க. மில் ஷிப்டில் நிற்பவர்களுக்கு அதுவும் இல்லை. கண்ணாடி வழியே வரும் வெயிலும் உதவாது.

அவிநாசி: டி பாக்கெட் குடித்தால் யூரிக் ஆசிட் இறங்குமா?

அதை நம்பிக் குடிக்காதீங்க. பல்லடத்துக்குச் சொன்னதே உங்களுக்கும்.

பெருந்துறை: கொள்ளுப்பருப்பை விடணுமா?

வேண்டாம். பருப்பு வகைகளால் கவுட் (யூரிக் ஆசிட் மூட்டில் படிந்து வரும் வீக்கம்) வருவதாக ஆய்வுகளில் தெரியவில்லை. ஆட்டு ஈரல், குடல், மத்தி மீன், கலர் சோடா, இவற்றைக் குறையுங்க.

ஈரோடு: தப்புங்க டாக்டர். கொள்ளு சூடு. என் மாமியாருக்குக் கொள்ளு தின்ற மறுநாளே முட்டி வீங்கிருச்சு.

முட்டி வீங்குவதெல்லாம் கவுட் இல்லைங்க. அந்த வயதில் பெரும்பாலும் தேய்மானம்.

பெருந்துறை: ஈரோட்டு அக்கா, அன்னைக்குக் கொள்ளு மட்டும்தானா?

ஈரோடு: கெடா வெட்டுக்குப் போயிருந்தோம்.

அப்புறம் எதற்குங்க கொள்ளு மேல் பழி?

சத்தியமங்கலம்: அக்கா, டி பாக்கெட் குடிச்சா யூரிக் ஆசிட்…

மேலே படிங்க.