வளைகாப்பு முடிந்த பிறகு போனால் போதுமா?

கேள்வி: என் மகளுக்கு வயது 32. தலைப்பிரசவம், இது ஏழாவது மாதம். பட்டர்வொர்த்தில் கிளினிக்குக்குப் போனபோது ரத்த அழுத்தம் 150/95 இருந்தது. சிறுநீரில் புரதம் இல்லை என்றார்கள். கர்ப்பகாலப் புத்தகத்தில் மஞ்சள் குறி ஒட்டி, மாத்திரை கொடுத்து, வியாழக்கிழமை நிபுணரைப் பார்க்கச் சொன்னார் தாதி. எங்கள் சம்பந்தியம்மாவோ, கால் வீக்கம் எல்லாருக்கும் வருவதுதான், மாத்திரை பிள்ளைக்கு ஆகாது, பார்லித் தண்ணீர் போதும் என்கிறார். ஞாயிற்றுக்கிழமை வளைகாப்பு. அதை முடித்துவிட்டு அடுத்த வாரம் போகலாமா, டாக்டர்?

பதில்: வேண்டாம் அம்மா. வியாழக்கிழமையே அழைத்துப் போங்கள்.

கால் வீக்கம் பலருக்கும் வருகிறது, உண்மைதான். எனக்குக் கவலை தருவது அந்த 150/95. கர்ப்பிணிக்கு 140/90 என்றாலே உயர் அழுத்தம். இருபது வாரத்துக்குப் பிறகு ஏறும் அழுத்தம் பிரீஎக்லாம்சியா என்ற ஆபத்தான கர்ப்பகால நோயாக மாறக்கூடும். அது சிறுநீரகத்தையும் கல்லீரலையும் தாக்கும்; மூளையைத் தாக்கினால் வலிப்பு வரும். இந்த வாரம் சிறுநீரில் புரதம் இல்லை என்பதை வைத்து அடுத்த வாரத்துக்கு உறுதி சொல்ல முடியாது. பார்லித் தண்ணீர் குடிக்கட்டும். அழுத்தத்தை அது இறக்காது.

சம்பந்தியம்மாவின் பயத்திலும் ஒரு நியாயம் இருக்கிறது. எனலாப்ரில், லோசார்டான் போன்ற சில பிரஷர் மாத்திரைகள் வயிற்றுப் பிள்ளையின் சிறுநீரகத்தைக் கெடுக்கும். அதனால் வீட்டில் வேறொருவர் சாப்பிடும் மாத்திரையை மகளுக்குக் கொடுத்துவிடாதீர்கள். கர்ப்பிணிகளுக்கென்று தரப்படும் லேபெட்டலால், மெத்தில்டோபா போன்றவை நெடுங்காலமாகப் பயன்பாட்டில் உள்ளவை. மருத்துவரைக் கேட்காமல் நிறுத்த வேண்டாம்.

விடாத தலைவலி, கண்முன் மின்னல் அல்லது மங்கல், வலது விலாவுக்குக் கீழே வலி, மூச்சுத்திணறல், திடீரென முகம் வீங்குதல், ரத்தப்போக்கு, பிள்ளையின் அசைவு குறைதல்: இவற்றில் ஒன்று வந்தாலும், அழுத்தம் 160/110ஐத் தொட்டாலும், வியாழன் வரை காத்திருக்காதீர்கள். நள்ளிரவானாலும் 999ஐ அழையுங்கள். பாலம் தாண்டிப் பினாங்குத் தீவுக்குப் போக வேண்டியதில்லை. செபராங் ஜெயா மருத்துவமனை உங்கள் பக்கத்திலேயே இருக்கிறது. புத்தகத்தை மகளின் கைப்பையிலேயே வைத்திருங்கள்.

2023இல் உலகில் சுமார் 260,000 பெண்கள் கர்ப்பத்தாலும் பிரசவத்தாலும் இறந்தார்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். பெரும்பாலும் தடுத்திருக்கக்கூடிய மரணங்கள். மலேசியாவில் 1991 முதல் இத்தகைய மரணங்களை ரகசியமாக ஆராய்ந்து வருகிறார்கள்; யாரையும் தண்டிப்பதற்காக அல்ல, எங்கே தவறியது என்று அறிவதற்காக. 'நாளைக்குப் பார்க்கலாம்' என்று வீட்டில் தள்ளிப்போடுவதும் அப்படித் தவறும் ஓர் இடம். அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

இன்னொன்று. பிள்ளை பிறந்ததும் ஆபத்து நீங்கிவிட்டது என்று எண்ணிவிடாதீர்கள். பிரசவத்துக்குப் பிறகும், குறிப்பாக முதல் வாரத்தில், அழுத்தம் ஏறி வலிப்பு வரலாம். பத்தியக் காலத்தில் படுத்தே கிடக்க விடாதீர்கள். வீட்டுக்குள் நடக்கட்டும், தண்ணீர் தாராளமாகக் குடிக்கட்டும். ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலித்தால் எண்ணெய் தேய்த்து உருவக் கூடாது. உள்ளே ரத்தம் கட்டியிருந்தால் அது பெயர்ந்து நுரையீரலை அடைத்துவிடும். உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

வளைகாப்பு நடத்தலாமா என்பதை வியாழனன்று நிபுணரிடமே கேளுங்கள். சரி என்றால் சுருக்கமாக நடத்துங்கள். மகளை நெடுநேரம் மணையில் உட்கார வைக்காதீர்கள். அன்று காலை மாத்திரையும் தவற வேண்டாம். தங்கிவிடு என்று மருத்துவமனையில் சொன்னால், வளையல்களை அங்கேயே கொண்டுபோய்ப் போடுங்கள்.