மனிதன் நல்லவன் என்றால் மனந்திரும்புதல் எதற்கு?

கேள்வி: "மனிதன் இயல்பில் நல்லவன் என்கிறார் என் கத்தோலிக்க நண்பர். இது வேதத்தின் அதிகாரத்தை மறுப்பதாகாதா? நல்லவனுக்கு மனந்திரும்புதல் எதற்கு?"

மறுப்பதாகாது. வேதமே இரண்டையும் சொல்கிறது, அதுவும் அடுத்தடுத்து. மனுஷனுடைய இருதயத்தின் நினைவு சிறுவயது முதலே பொல்லாதது என்கிறது ஆதியாகமம் 8:21. கொஞ்சம் தள்ளி 9:6-இல், மனிதன் தேவசாயலில் உண்டாக்கப்பட்டவன், அதனால் அவன் இரத்தத்தைச் சிந்தக் கூடாது என்று வருகிறது. ஆதாமின் வீழ்ச்சிக்கும், ஜலப்பிரளயத்துக்கும் அப்புறம் சொன்னது இது. ஒரு வசனத்தைப் பிடித்துக்கொண்டு இன்னொன்றைத் தாண்டிப் போனால்தான் வேதத்தை மறுத்ததாகும்.

நான் கிருஷ்ணகிரி மாவட்டம் எலத்தகிரிக்காரன். அப்பா கத்தோலிக்கர், அம்மாவின் தம்பி பெந்தெகொஸ்தே சபைக்குப் போனவர். கிறிஸ்துமஸுக்கு எல்லோரும் கூடினால் பிரியாணி ஆறிப்போகும் அளவுக்கு இதே வாக்குவாதம் நடக்கும். "நற்செயலாலேயே மோட்சம் போகலாம்னு உங்க சபை சொல்லுது" என்பார் மாமா. அது உண்மையில்லை. மனிதன் தன் முயற்சியாலேயே நல்லவனாகிவிட முடியும் என்ற பெலாஜியு என்கிற துறவியின் போதனையை, 418-இலேயே ஆயர்கள் கூடிய கார்த்தேஜ் சங்கம் தள்ளிவிட்டது. புராட்டஸ்டண்ட் சீர்திருத்தத்தைத் தொடங்கிய லூத்தருக்குப் பதில் சொல்வதற்காகக் கூடிய கத்தோலிக்கரின் திரெந்து பொதுச்சங்கமும் 1547-இல், கிருபை இல்லாமல் தன் செயல்களால் மட்டும் ஒருவன் நீதிமானாக முடியாது என்றே தீர்மானித்தது. பாவம் மனிதனை எவ்வளவு தூரம் கெடுத்தது என்பதில்தான் வேறுபாடு. முழுக்கக் கெட்டுவிட்டான் என்பது புராட்டஸ்டண்ட் பக்கம், காயப்பட்டான் ஆனால் அழிந்துவிடவில்லை என்பது கத்தோலிக்கப் பக்கம்.

அதிகாரம் பற்றிய சண்டை இதைவிடப் பெரியது. பைபிளில் புராட்டஸ்டண்டுகள் ஏற்கும் 66 புத்தகமா கத்தோலிக்கர் ஏற்கும் 73 புத்தகமா, வேதம் மட்டுமா, திருச்சபை மரபும் சேர்ந்ததா என்பதெல்லாம் ஒரு பதிலில் தீராது. ஆனால் உங்கள் கேள்விக்கு அது தீர வேண்டிய அவசியமும் இல்லை. லூக்கா இரண்டு பைபிளிலும் இருக்கிறது.

லூக்கா 18-இல் ஒரு தலைவன் வருகிறான். தேவனுடைய கற்பனைகளை, அதாவது கட்டளைகளையெல்லாம் சிறுவயது முதல் கைக்கொண்டவன். தேவன் ஒருவர் தவிர நல்லவன் ஒருவனும் இல்லை என்று இயேசு சொன்னது இவனிடம்தான். ஆனாலும் அவர் அவனைப் பொய்யன் என்று சொல்லவில்லை. இன்னும் ஒரு குறை உண்டு, சொத்தை விற்றுத் தரித்திரருக்குக் கொடு என்றார். அவனுக்குத் துக்கம் வந்துவிட்டது. அடுத்த அதிகாரத்திலேயே சகேயு. ஊரே பாவி என்று ஒதுக்கிய வரிவசூல்காரன். ஏமாற்றியதற்கு நாலத்தனையாக, அதாவது நாலு மடங்காகத் திருப்பித் தருகிறேன் என்கிறான். தவற்றை அறிக்கையிடுகிறவன் முதலோடு ஐந்தில் ஒரு பங்கு சேர்த்துக் கொடுத்தால் போதும் என்பது எண்ணாகமம் 5:7. இவன் அதையும் தாண்டிப் போகிறான். நல்லவனுக்கும் கெட்டவனுக்கும் கேட்கப்பட்ட மனந்திரும்புதல் ஒன்றுதான், அது கைப்பணம் வரைக்கும் வந்தது.

மாமா மாங்காய் மண்டி வைத்திருந்தார். பெங்களூரா ரக மாங்காய் லோடு வந்தால் டன்னுக்கு இத்தனை கிலோ கழிவு என்று பிடிப்பார்கள், அதில் நியாயத்துக்கு மேலேயும் பிடிப்பார்கள். ஞானஸ்நானம் எடுத்த வருடம், சீசன் முடிந்ததும் பழைய சிட்டைகளை எடுத்து உட்கார்ந்தார். கூடுதலாகப் பிடித்ததைத் தோட்டக்காரர் வாரியாகக் கூட்டினார். போச்சம்பள்ளிப் பக்கம் வீடுவீடாகப் போனபோது என்னையும் வண்டியில் ஏற்றிக்கொண்டார். ஒரு பெரியவர் வாங்க மறுத்தார்: "மண்டின்னா அப்படித்தான் சாமி, எடுத்துட்டுப் போ." மாமா, "இது உங்க காசுங்கய்யா" என்று திண்ணையில் வைத்து, மேலே சிட்டையையும் வைத்துவிட்டு இறங்கினார். அவர் முகம் வேர்த்திருந்தது. அந்த வருடம் அத்தையின் வளையல் அடகுக்குப் போனது எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

அப்பாவிடம் இதைச் சொன்னேன். குருவிடம் பாவத்தை அறிக்கையிடும் பாவசங்கீர்த்தனத்தில் மன்னிப்புக் கிடைத்தாலும் திருடியதைத் திருப்பிக் கொடுக்கும் கடமை போகாது என்று மறைக்கல்வி நூலும் சொல்கிறது என்றார். மாமாவைப் பற்றி அவர் மரியாதையாகப் பேச ஆரம்பித்தது அதற்கப்புறம்தான். விசுவாசியின் வாழ்க்கை முழுவதுமே மனந்திரும்புதலாக இருக்க வேண்டும் என்பது 1517-இல் லூத்தர் எழுதிய 95 வாதங்களில் முதலாவது. அதை வாசித்துக் காட்டினால் அப்பா மறுக்கவே மாட்டார்.

அதனால் உங்கள் நண்பரிடம் "நீ நல்லவனா?" என்று ஆரம்பிக்காதீர்கள். லூக்கா 18, 19 இரண்டையும் சேர்ந்து வாசியுங்கள். அப்புறம் இருவரும் அவரவர் யாருக்கு என்ன திருப்பித் தர வேண்டியிருக்கிறது என்று பேசுங்கள்.